றண்டம் என்றால் ரோட்டுக்கரை இல்லை

றண்டம் என்ற ஆங்கிலச் சொல்லை எனக்கு முதலில் சொல்லித் தந்தவர், எங்கள் வாய்க்காலில் விளைச்சல் அளக்க வரும் அலுவலர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர். பிழையாகச் சொல்லித் தந்தார். ஒரு வருடம் முழுக்க நானும் அதைப் பிழையாகவே பாவித்தேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் வாய்க்காலில் முப்பத்திரண்டு துண்டு வயல். முதல் துண்டுகள் ரோட்டோரம். கடைசி எட்டும் எங்கள் ஆட்களுடையவை, மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். குளத்துத் தண்ணீர் எங்களிடம் வந்து சேரும்போது அதுவே களைத்துப் போயிருக்கும். போன வருடப் பெரும்போகத்தில் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் எங்களுக்குத் தண்ணீர் வரவேயில்லை. நெல் எல்லாம் சப்பி. உமி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

அறுவடைக்கு முதல் சேர் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திய இடத்திலிருந்து பத்து அடி நடந்து, இரண்டாம் துண்டில் தன் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் நின்ற நெல்லை அறுப்பித்து நிறுத்தார். நெல் பாரம் கண்டது. அவர் முகமும் மலர்ந்தது.

"சேர், எங்கட பக்கமும் ஒருக்கா வந்து பாருங்கோ" என்றேன்.

"எல்லாத்தையும் பார்க்கேலாது தம்பி. றண்டமாத்தான் எடுக்கிறது."

நான் தலையாட்டினேன். றண்டம் என்றால் சப்பாத்தில் சேறு படாத இடம் என்று விளங்கிக்கொண்டேன். அந்த நிறையை வைத்து, வாய்க்கால் முழுக்க நல்ல விளைச்சல் என்று எழுதினார்கள். விளைச்சல் பாழானவர்களுக்குக் கொடுக்கிற விதைநெல் உதவி எங்களுக்கு இல்லை என்றானது. அப்பா சப்பியைத் தூற்றித் தூற்றி, மிஞ்சியதை விதைத்தார். பாதி முளைக்கவில்லை.

சொல் மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. நண்பனின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்தால் றண்டமா எடுத்தனான். வரம்பு வெட்டப் போகாமல் படுத்திருந்தால் றண்டமா படுத்தனான். ஒருநாள் குசினியில் மீன் குழம்புச் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தேன். பதினோராம் வகுப்பு ஓஎல் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி புத்தகத்துக்கு மேலால் பார்த்தாள்.

"பெரிய துண்டைத் தேடுறாய் போல."

"தேடேல்லை. றண்டமா எடுக்கிறன்."

அவள் சிரித்த சிரிப்பில் பேனை கீழே விழுந்தது. "அண்ணா, துழாவிப் பார்த்து எடுத்தா அது றண்டம் இல்லை. எங்கட கணக்குப் புத்தகத்தில எழுமாறு எண்டு இருக்கிறதுதான் அது. ஒவ்வொரு துண்டுக்கும் வாறதுக்கு ஒரே அளவு வாய்ப்பு இருக்கோணும். எடுக்கிற ஆளின்ர விருப்பம் அதுக்குள்ள வரப்படாது."

"அப்ப சேர் இரண்டாம் துண்டை எடுத்தாரே?"

"அது றண்டம் இல்லை. அது ரோட்டுக்கரை."

"சிறுபோகத்துக்கு நாங்கள் பால்மா ரின்னில எடுக்கிறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம், அதுதான் சரியான றண்டம்."

எனக்குக் கோபம் வந்தது. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் காணாது. தண்ணீர் எட்டுகிற மேல் வயல்களில் யார் பயிர் செய்வது என்பதைக் கமக்காரர் கூட்டத்தில் இலக்கம் எழுதி, வெறும் பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டுக் குலுக்கித்தான் எடுப்போம். எடுக்கிறவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்ப வேண்டும். யாரும் அதற்கு ஆங்கிலம் படிக்கவில்லை. சேரிடம் சொல் இருந்தது, ரின் இல்லை.

இந்த வருடமும் கடைசி எட்டுத் துண்டும் சப்பி. சேர் வந்த அன்று, முப்பத்திரண்டு இலக்கங்களையும் மடித்து ரின்னுக்குள் போட்டுக்கொண்டு ரோட்டில் நின்றேன். இரண்டாம் துண்டுக்காரர் அவருக்குச் செவ்விளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"சேர், எந்தத் துண்டு எண்டு இதுக்குள்ள கையை விட்டு எடுங்கோ."

"இதென்ன விளையாட்டு?"

"றண்டம் சேர். உங்கட பேப்பரில அப்பிடித்தானே இருக்கு?"

தங்கச்சி எழுத்துகளை என் உள்ளங்கையில் எழுதிவிட்டிருந்தாள். அவருடைய படிவத்தைக் கேட்டு வாங்கி, கையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தேன். ஆர், ஏ, என், டி, ஓ, எம். ஆறு எழுத்தும் அப்படியே இருந்தன.

"நீ எத்தினையாம் வகுப்பு?" என்றார்.

"ஒன்பது சேர். அதிலயும் அரைவாசிதான். ஆனா இந்த ஒரு சொல்லு முழுசாத் தெரியும்."

இரண்டாம் துண்டுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "டேய், படிச்ச மனுசனுக்கு நீ படிப்பிக்கிறியோ?"

"இல்லை அண்ணை. ரின் மட்டும்தான் பிடிக்கிறன்."

அப்பா என் சேர்ட்டைப் பின்னால் இழுத்தார். "ஆபீஸ் ஆளோட நமக்கு எதுக்குடா வம்பு. வா வீட்டுக்கு."

நான் போகவில்லை. கடைசி எட்டு வீட்டுக்காரரும் எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சேர் அவர்களைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், ரின்னுக்குள் கையை விட்டார். மூன்று துண்டு அளக்க வேண்டுமாம். அதையும் அன்றைக்குத்தான் அறிந்தோம்.

முதலில் வந்த இலக்கம் இரண்டு.

இரண்டாம் துண்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். எங்கள் பக்கத்தில் சத்தம் எழும்பியது. "திரும்பப் போட்டுக் குலுக்குடா" என்றார் அப்பா.

"போடேலாது அப்பா. வந்தது வந்ததுதான்."

"யாரு பக்கம்டா நீ?"

ரின்னை இறுக்கிப் பிடித்தேன். விருப்பமில்லாதது வந்ததும் திரும்பப் போட்டால், எனக்கும் சேருக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் மற்ற இரண்டும் ரோட்டுப் பக்கமே வந்தால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள்.

இரண்டாவது பதினெட்டு. மூன்றாவது இருபத்தொன்பது. அது எங்கள் வீட்டு வயல் இல்லை, பக்கத்து வயல். கடைசி எட்டுக்குள் ஒன்று, அது போதும்.

சேர் சப்பாத்தைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு நடந்தார். இருபத்தொன்பதில் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பசுமையாக நின்ற மூலையைப் பார்த்தார்.

"சேர், கண்ணை மூடி எறியுங்கோ" என்றேன்.

முறைத்தார். எறிந்தார். விழுந்த இடத்தில் அறுத்து, அடித்து, தூற்றியபோது பெரும்பகுதி காற்றோடு போனது. மிஞ்சியது ஒரு கை நிறையவும் இல்லை. தராசை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு, தான் கண்டதை எழுதினார். அதற்கு ஒரு மதிப்பு அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும். சாட்சிக்கு யாராவது ஒப்பம் வைக்க வேண்டும் என்றார். நான் என் முழுப் பெயரையும் ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் ஆறுதலாக எழுதினேன்.

விதைநெல் வந்தது. எட்டு வீட்டுக்கும் கேட்டதில் பாதி. மற்றப் பாதி ஏன் வரவில்லை என்று ஆபீசுக்குக் கேட்கப் போனால், மேலிடத்தில் மூன்று துண்டுக்கும் சேர்த்து ஏதோ சராசரி பார்த்தார்களாம். அந்தச் சொல்லையும் தங்கச்சியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை திரும்பப் போகிறேன். இந்த முறை அப்பாவும் வருகிறார்.