அவித்த நெல்

அவித்த நெல் பாயில் உலரும்போது எழும் அந்தப் புளித்த வெக்கை வாசத்தை நினைத்தாலே எனக்கு இப்போதும் சோறு இறங்காது.

எங்கள் தாலுகாக்கள் மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேருவதற்கு ஓரிரு வருஷம் முன்பு நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். எங்கள் சார் விஞ்ஞானத்தைப் புத்தகத்திலிருந்து நடத்தமாட்டார். தேங்காய்ச் "சிரட்டை"யில் மண் நிரப்பி, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெல்லை ஊன்றி, பத்து நாளும் நடப்பதை நோட்டில் எழுதவேண்டும். "கண்டத எழுதணும், நெனச்சத எழுதப்பிடாது" என்பார்.

விதைநெல்லை வைக்கோல் சுற்றிக் கட்டிய "விதைக்கோட்டை"யை விதைப்புக்கு முன் பிள்ளைகள் தொடக்கூடாது என்பதால், முற்றத்தில் காய்ந்துகிடந்த நெல்லில் இரண்டு பிடி அள்ளிக்கொண்டு போனேன். நெல் என்றால் எல்லாம் நெல்தானே என்ற நினைப்பு. ஒரு பிடியைத் தோழி தங்கத்துக்குக் கொடுத்தேன். அவளை மேலே படிக்கவைப்பதா, நிறுத்தி நடவுக்கு அனுப்புவதா என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வதாக இருந்தார் அவள் அப்பா.

ஆறு நாளாகியும் இரண்டு சிரட்டையும் வெறும் மண்ணாகவே கிடக்க, வெட்கம் தாங்காமல் நான் யாருடைய நாற்றங்காலிலோ நாலு முளையைப் பிடுங்கி என் சிரட்டையில் ஊன்றிவிட்டேன். தங்கம் பத்து நாளும் "முளைக்கவில்லை" என்றே எழுதினாள். சார் காய்ச்சலில் லீவெடுத்திருந்ததால் நோட்டுகளைத் திருத்திய தலைமையாசிரியர், தண்ணீர் ஊற்றக்கூடத் தெரியாத மண்டு என்று அவள் அப்பாவிடமே சொன்னார். அருகில் நின்ற நான் என் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்த சார் அவள் நோட்டைப் புரட்டினார். நெல் யார் தந்தது, எந்தப் பாயில் அள்ளியது என்பதுவரை முதல் நாள் குறிப்பிலேயே எழுதியிருந்தாள். நோட்டோடு சேர்த்து மேசையில் அவள் பொதிந்து வைத்திருந்த மீதி நெல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"இது அவிச்ச நெல்லுலா மக்கா. ஒனக்கு மட்டும் எப்பிடி முளைச்சுது?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சார் அடிக்கவில்லை. அன்று மாலையே தங்கத்தின் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறார். அவள் வயலில் இறங்கி நாலு நாளாயிற்று, இனி எதற்கு என்று சொல்லிவிட்டாராம் அவள் அப்பா. அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குச் சிரட்டை இல்லை, முளையை சார் போர்டில் வரைந்து காட்டினார் என்று கேள்வி.

தங்கத்திடம் மன்னிப்புக் கேட்க நான் போகவேயில்லை. இதை நினைத்து நினைத்து அலுத்தும் போய்விட்டது. எங்கள் ஊரில் நெல் அவிக்கும் வீடு இன்று ஒன்றும் இல்லை; பாதி வயல் வாழையும் தென்னையுமாகிவிட்டது. போன வாரம் என் மகள், பயறு முளைத்த பத்து நாள் குறிப்பையும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டிருந்தாள். பயறு எங்கே என்று கேட்டேன்.

"அது எதுக்கும்மா? எல்லாரும் இப்பிடித்தான் எழுதுவாவ."

அடுப்பில் வேலை கிடந்தது. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.