கண்ணாடி ஓடு இரண்டு

மகளுக்குக் கலியாணம் முடித்தபோது வெளிச்சமுள்ள அறைகளையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். பெற்றவள் பின்னால் ஒதுங்குவாள். நான் ஒதுங்கியது முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறைக்கு. அதற்கிருந்த ஒரே ஜன்னலையும் என் தங்கச்சி தன் மகளுக்குக் கட்டிய வீட்டின் சுவர் அடைத்துவிட்டது. இப்போது திறந்தால் சீமெந்துக் கல்தான் தெரியும்.

வீட்டை மகள் பேருக்கு உறுதி எழுதிய அன்று நொத்தாரிசு கேட்டார். "சீவிய உரித்து வெச்சிக்கிறீங்களா? உசிரோட இருந்து மௌத்தாகுமட்டும் இந்த வீட்டுல உங்களுக்கு உள்ள உரிமை."

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "புள்ளைக்குக் குடுக்கிற வீட்டுல எனக்கென்ன உரித்து? முழுசா எழுதுங்க!" பெரிய மனுசியாம் நான்.

தையல்தான் என் பிழைப்பு. கறுப்பு அபாயாவில் கறுப்பு நூல், அதுவும் இருட்டறையில். முன் விறாந்தையில் மருமகனின் ஆட்கள் வந்துபோவதால் மெஷினை அங்கே போட முடியாது. ஒருநாள் கரண்ட் இல்லாத நேரம் ஒரு அபாயாவின் கைகளை இடம் வலம் மாற்றித் தைத்துக் கொடுத்து, நன்றாக ஏச்சு வாங்கினேன். அதோடு அக்கரைப்பற்றுக்குப் போய்க் கண்ணாடி ஓடு இரண்டு வாங்கி வந்தேன்.

"அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று மகள் இழுத்தாள்.

"ரெண்டு ஓடு மாத்த அவர்ட்ட என்னத்துக்குக் கேக்கிற?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேசனைக் கூப்பிட்டேன்.

மேசன் என் அறைக் கூரையில் ஏறி இரண்டு ஓட்டைக் கழற்றினார். அல்லாஹ்வே! வெயில் நேரே மெஷின் மேல் விழுந்தது. ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்நேரம் மருமகன் லுஹர் தொழுதுவிட்டுப் பகல் சோற்றுக்கு வந்தார். கெட்ட மனுசன் இல்லை. ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. கொஞ்சநேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமி, ஹஜ்ஜுப் பெருநாள் முடிய இந்தக் கூரையக் கழட்டி, கொங்கிறீட் போட்டு, மேல ஒரு வீடு எடுக்கப்போறன். இப்ப துவங்கினாத்தானே புள்ள பெரிசாகக்குள்ள முடியும்."

புள்ள என்றது என் மகளின் மகளை. தொட்டிலில் கிடந்தாள், இன்னும் பல்லே முளைக்கவில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பெண்பிள்ளைக்கு வீடு கட்டாத தகப்பனை இந்த ஊர் என்ன கதைக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானே கதைத்திருக்கிறேனே!

"ராத்தா, கண்ணாடியப் போடவா, பழசையே போடவா?" என்று மேசன் மேலிருந்து கேட்டார்.

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட விருப்பம் மாமி" என்றார் மருமகன். பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம்தான். ஒரு மாதத்து விருப்பம்! வெளிச்சத்துக்குப் பழகிவிட்டுத் திரும்பவும் இருட்டுக்குள் போக என்னால் முடியாது.

"பழசையே போடுங்க தம்பி" என்றேன். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. அதுதான் பெரிய ஆத்திரம். சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை.

மேசன் முதல் ஓட்டை வைத்து மூடினார். இரண்டாவதைத் தூக்குவதற்குள், பெட்டியிலிருந்த கை ஊசிகளை எல்லாம் அள்ளியெடுத்து, அவசரம் அவசரமாக ஒவ்வொன்றிலும் நூல் கோக்கத் தொடங்கினேன்.