மாமா பார்க்காத கிராமம்

சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் வீட்டு மரவேலியில் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கு அவருடைய ஊரைப் பற்றியே மாமா பாடம் எடுத்த காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இப்போது அங்கே தகர வேலி. மாமாவும் இல்லை, கிழவரும் இல்லை. மாமா என் கணவரின் தகப்பனார், யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்தவர். இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பழைய பாடப்புத்தகத்தில் வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கிராமம் ஒன்று அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிழவர் பிறந்தது அதே ஊரில் என்று தெரிந்ததும் மாமாவைப் பிடிக்க முடியவில்லை.

சுண்ணாம்பு நிலம், மழைநீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும், ஆறு கிடையாது, ஆழக் கிணறுதான் என்று அடுக்கினார். “எங்கட யாழ்ப்பாணம் மாதிரித்தான் பிள்ளை,” என்று என் பக்கம் திரும்பி ஒரு பெருமை வேறு. அங்கே கோதுமைத் தாள் மெலிதாக, பளபளப்பாக விளையுமாம். பெண்கள் அதை வாயில் நனைத்து, தெருவில் நடந்தபடியே, வம்பளந்தபடியே தொப்பிக்குப் பின்னல் பின்னுவார்களாம். தன் பாட்டியின் தாய்க்கு அதனால் உதடு எப்போதும் வெடித்தே இருந்ததாகக் கிழவர் சொன்னார். அன்றிலிருந்து இருவரையும் சாப்பிடக் கூப்பிடுவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

மாமாவுக்கு ஊகித்துப் பதில் சொன்னால் பற்றிக்கொண்டு வரும். “தெரியாட்டில் தெரியாது எண்டு சொல்லு,” என்பார். பேரப்பிள்ளைகள் முதல் தொலைக்காட்சியில் வானிலை சொல்பவர் வரை ஒருவரும் தப்பியதில்லை.

கிழவர் படுக்கையில் விழுந்தபோது நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றது. ஊருக்குப் போக வேண்டும் என்ற ஒன்றை மட்டும் விடாமல் கேட்டார். சிட்னியில் பிறந்த அவர் பிள்ளைகள் பாவம், தவித்துப்போனார்கள். மாமாவை மருத்துவமனைக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். கதிரையைக் கட்டிலோடு இழுத்துப் போட்டு, “வாரும், போவம்,” என்பதை ஆங்கிலத்தில் சொல்லி அவர் தொடங்கினார். குளத்தைச் சுற்றி, தேவாலயத்தைக் கடந்து, சுண்ணாம்புச் சூளை வழியாகப் பின்னல் விற்கும் சந்தைவரை பேச்சாலேயே கிழவரை நடத்திச் சென்றார். நானும் கூடவே நடந்தேன்.

சந்தை தாண்டியதும் கிழவர் கண் திறந்து கேட்டார்: “எங்கள் வீடு எந்தப் பக்கம்?”

அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாமா என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கிழவரின் கையைப் பிடித்தார்.

“இடது பக்கம்,” என்றார், வகுப்பில் சொல்வதைப்போல உறுதியாக. “கதவு திறந்துதான் இருக்கிறது.”

“அப்படியானால் வந்துவிட்டோம்,” என்றார் கிழவர்.