இறைச்சிப் பெட்டிக்குக் கீழே இருந்த மருந்து

2025 ஒக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். நான்கு மணிக்கு எழுந்து முழுகி, திருநீறு பூசி, விளக்கேற்றிக் கும்பிட்டேன். நான் இருக்கும் வில்லரேயில் இருந்து இரண்டு பஸ் மாறி, ஆறு மணிக்கு டோர்வல் விமான நிலையத்தில் வேலைக்கு நின்றேன். நாட்குறிப்பில் அன்று காலை எழுதியது இவ்வளவுதான். மிச்சத்தை எழுத எனக்கு நாலைந்து நாள் சென்றது.

நான் வேலை செய்வது வடக்குக் கிராமங்களுக்குப் பறக்கும் ஒரு சிறிய விமான நிறுவனத்தில், கார்கோ பகுதியில். அந்தக் கிராமங்களுக்கு வீதி கிடையாது. பால், டயப்பர், மருந்து எல்லாம் எங்கள் விமானத்தில்தான் போகும். அங்கிருந்து இங்கே சிகிச்சைக்கு வந்திருப்பவர்களுக்கு உறவினர் காட்டுமான் இறைச்சியை உறைய வைத்து அனுப்புவார்கள். எங்கள் விதி ஒன்றுதான்: பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவரே அதை உரிய அறையில் வைக்க வேண்டும்.

சஷ்டி ஆறு நாளும் நான் இறைச்சிப் பெட்டி தொடுவதில்லை. பதினொரு வருடமாக அப்படித்தான். கூட வேலை செய்யும் யோகன் அண்ணை எனக்காகத் தூக்குவார். இதை நான் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

அன்று காலை மருந்துப் பெட்டி ஒன்று வந்தது. இன்சுலின். குளிர் அறையில் வைக்க வேண்டும், உறையவே கூடாது. அதை ட்ரொலியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் வடக்கிலிருந்து வந்திறங்கிய ஒருவர் தன் இறைச்சிப் பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டுப் போனார். மருந்தை எடுப்பதென்றால் இறைச்சியைத் தூக்க வேண்டும். நான் தூக்கவில்லை.

“அண்ணை, இதுகளை ஒருக்கா உள்ள விடுங்கோ.”

“என்ன தங்கச்சி, மானும் விலக்கோ? வள்ளியே மான் பெத்த பிள்ளையெல்லே! இது முருகனுக்கு மாமியார் வீட்டுச் சாமான்.”

“பகிடி விடாதேங்கோ. கொண்டு போங்கோ.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை; அவர் இரண்டையும் ஃபிரீசருக்குள் வைத்துவிட்டார்.

மத்தியானம் விமானம் கிளம்பிய பிறகுதான், பெட்டி ஏற்றும் பையன்களில் ஒருவன் சொன்னான்: அந்த மருந்து ஃபிரீசரில் கிடந்ததாம், தேடி எடுத்து ஏற்றினார்களாம். உறைந்து இளகிய இன்சுலின் வேலை செய்யாது. பார்த்தால் தெரியவும் தெரியாது.

நான் உடனே யாருக்கும் சொல்லவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. சாமான் அறையில் நின்று, “முருகா, மருந்துக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது” என்று கும்பிட்டேன். சற்று நேரத்தில் எனக்கே விளங்கியது. அது பிரார்த்தனை இல்லை. ஒளிந்துகொள்ள அவன் வேலுக்குப் பின்னால் இடம் கேட்டேன்.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கிராமத்துத் தாதிக்கு போன் எடுத்தார். அந்த மருந்து எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அவளிடம் இருப்பது மறுநாள் பின்னேரம் வரைதான் காணும். புது மருந்து சனிக்கிழமை விமானத்தில் போகலாம். ஆனால் அங்கே பனிப்புயல் தொடங்கிவிட்டது. இறங்குவது நிச்சயமில்லை என்றார்கள்.

யோகன் அண்ணையின் முகம் வாடிவிட்டது. “என்னிலயும் பிழைதான், தங்கச்சி. பெட்டியில ஒட்டியிருந்ததை நான் வாசிக்கேல்லை.”

“இல்லை அண்ணை. தொடமாட்டன் எண்டு நிண்டது நான்.”

அன்று பின்னேரம் வீட்டுச் சாமி அறையில் எந்தப் பாட்டும் வாயில் வரவில்லை. “இந்த விரதத்தின் பலன் எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்குப் போகட்டும். விமானம் இறங்க வழி விடு” என்று மட்டும் கேட்டேன். அழுதேன்.

சனிக்கிழமை புது மருந்தை நானே குளிர் அறையில் வைத்து, நானே விமானம் வரை கொண்டுபோனேன். இறங்க முடியாவிட்டால் திரும்பி விடுவேன் என்றார் விமானி. மத்தியானம் ஆகியும் செய்தி இல்லை. ஒன்றரைக்கு மனேஜர் வந்தார். காற்று கொஞ்ச நேரம் அடங்கியதாம். இறங்கிவிட்டார்களாம். மருந்து தாதியின் கையில். விமானம் திரும்பி எழும்பிய கையோடு புயல் மறுபடி மூடியது. அதன்பின் இரண்டு நாள் அங்கே ஒன்றும் இறங்கவில்லை.

இதை வாசிக்கும் அடியார்களே, அந்த இடைவெளியை யார் திறந்தார் என்று எனக்குத் தெரியும். நன்றி சொல்லக் கை கூப்பும்போதெல்லாம் வெட்கமும் கூடவே வருகிறது. அது போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உங்கள் விரதத்தின் பாரத்தை வேறு யாராவது தூக்குகிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். பிழை விட்டிருந்தால் மறைக்காமல் அவனிடம் போங்கள். அவன் கேட்பான்.

ஞாயிறு, சஷ்டியின் ஐந்தாம் நாள். முழுகி, திருநீறு பூசி, பட்டினியோடு வேலைக்குப் போனேன். மேசையில் ஒரு இறைச்சிப் பெட்டி இருந்தது. யோகன் அண்ணை எழும்பினார். நான் தலையாட்டி மறித்துவிட்டு, அதை இரண்டு கையாலும் தூக்கினேன். அவர் போய் ஃபிரீசர் கதவைத் திறந்து பிடித்தார்.