கலங்கல் சத்தம் நின்ற காலை

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

செங்கற்பட்டில் காலை ஏழரைக்குப் புறப்பட்ட பஸ், பதினெட்டு மைலை ஒன்றரை மணி நேரம் உருண்டு எங்களை உத்திரமேரூரில் இறக்கிவிட்டது. நயா பைசா வந்த புதிது. டிக்கெட் தலைக்கு அறுபது. ஐப்பசி பிறந்திருந்தது. எனக்கு மூன்று மாதத் தற்காலிகக் குமாஸ்தா வேலை. கூட மனைவி கமலா, எட்டு மாதக் கைக்குழந்தை, இரண்டு டிரங்குப் பெட்டிகள்.

வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. மத்தியானம் ஒரு நிலக்காரர் குடையைப் பிடித்தபடி கூட்டிப்போய், ஏரிக்கரைக்குக் கீழே தமக்குச் சொந்தமான ஓர் ஓட்டு வீட்டைக் காட்டினார். வாடகை ஏழு ரூபாய். ஊருக்குள் இதே அளவு வீட்டுக்குப் பதினைந்து கேட்டார்கள். ஏன் இத்தனை மலிவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொல்லைக் கதவைத் திறந்ததும் தெரிந்துபோயிற்று. எதிரே இரண்டாள் உயரத்துக்கு மண்கரை, மேலே ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். ஏரி நிரம்பினால், அடுப்படியில் நிற்கும் கமலாவின் தலைக்கு மேலே தண்ணீர் நிற்கும்.

"ராஜா காலத்துக் கரை சார். நிம்மதியா தூங்குங்க" என்றார் நிலக்காரர். அவருடைய வீடு கோயில் பக்கத்து மேட்டுத் தெருவில் இருந்தது.

பத்து நாள் மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கல்கட்டுக்குத்தான் கலங்கல் என்று பெயர். இரண்டு பர்லாங் தள்ளி இருந்தும் அதன் இரைச்சல் வீட்டுக்குள் ஓயாமல் கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டிகளைப் பரண்மேல் ஏற்றினேன். குழந்தையின் தூளியை உத்தரத்தோடு ஒட்டக் கட்டினேன். கமலா சிரித்தாள், ஆனால் அவிழ்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு இரைச்சல் நின்றது. மழை மட்டும் விடவில்லை. அப்பாடா என்று கமலாவைக் காப்பி போடச் சொன்னேன். ஒரு வாரத்தில் நான் நிம்மதியாகக் குடித்த முதல் காப்பி அதுதான்.

பாதி டம்ளரில் பக்கத்துக் குடிசைக் கன்னியம்மா வந்து நின்றாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை.

"சத்தம் நின்னுபோச்சி, நீ இன்னா சார் காப்பி குடிச்சிக்கினு கீற?"

நின்றது நல்லதுதானே என்றேன்.

"சத்தம் கேக்கற வரிக்கும் தண்ணி வெளியே போய்க்கினு கீது. மழ வுடாம சத்தம் நின்னா, எவனோ கலங்கல அடைச்சிட்டான். அம்மாவ மேட்டுக்கு அனுப்பு. நீ கலங்கலுக்கு வா."

கமலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டை நோக்கி ஓடினாள். நான் கரைமேல் ஓடினேன். என் வீட்டுக்கு நேர் பின்னால் கரை கசிந்து சேறாகியிருந்தது. தண்ணீர் உச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது.

கலங்கலின் மேல் நட்ட கற்களுக்கு நடுவே பலகை செருகி, வைக்கோலும் சேறும் அப்பியிருந்தார்கள். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் சேர்க்கச் சில வருஷம் இப்படிச் செய்வது உண்டாம். கன்னியம்மாவின் புருஷனும் நாலைந்து கூலிக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பலகையைத் தொட்டால் நாளை வேலை இருக்காது. எதிரே குடையோடு நின்றவர் என் வீட்டுக்காரர்.

"இன்னும் ஒரு நாள் தாங்கும் சார்" என்றார் என்னிடம்.

"அப்படின்னா இன்னிக்கு ஒரு நாள் உங்க பேரப்பிள்ளைகளை என் வீட்டுல கொண்டுவந்து விடுங்க" என்றேன்.

அவர் கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை மடக்கினார். பிறகு தம் ஆட்களுக்குத் தலையசைத்தார். எல்லோரும் சேர்ந்து பலகைகளைப் பிடுங்கினோம். இரைச்சல் திரும்பி வந்தபோது நான் அழுதேன், வெட்கப்படவில்லை.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊருக்குள் வேறு வீடு அகப்படாமல், கமலாவையும் குழந்தையையும் செங்கற்பட்டுக்கே அனுப்ப நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வந்து நின்ற பஸ்ஸிலிருந்து ஒரு வாத்தியார் குடும்பம் இறங்கியது. நிலக்காரர் அவர்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஏரிக்கரை வீடுதான் என்று வாத்தியாரே சந்தோஷமாகச் சொன்னார். வீட்டை முன்பே வந்து பார்த்திருந்தாராம்; அந்தக் கலங்கல் இரைச்சலில் தூக்கம் வருமா என்று மட்டும் என்னைக் கேட்டார்.

நிலக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கேட்கிற வரைக்கும் தூங்குங்க" என்றேன். "நின்னா, குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடுங்க."