சத்தத்தை மட்டும் கூட்டும் பெட்டி

பிள்ளைகளே, நேற்று கண்ணாடிக் கடையில் நடந்ததிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். “முதல் கண்ணாடி தெளிவா, இரண்டாவதா?” என்று அந்தப் பெண் கேட்க, சின்னவன் யோசிக்காமல் “இரண்டாவது” என்றான். அடுத்த கேள்விக்கும் அதே வேகம். நான் அவனைச் சந்தேகமாகப் பார்த்தேன். வீடு வரும்வரை அவன் என்னிடம் பேசவில்லை. எனக்கு ஏன் அந்தச் சந்தேகம் வந்தது என்று எழுதுகிறேன், இருவரும் படியுங்கள். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிங்கப்பூரில் எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் அம்மாவின் தம்பியும் எங்களோடு இருந்தார். நீங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறவர்தான், எனக்கு மாமா. வார நாட்களில் கப்பல் பட்டறையில் இயந்திரம் பிடித்து இரும்பைத் தேய்ப்பார். விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். அம்மா கூப்பிட்டால் மூன்றாவது முறைதான் திரும்பிப் பார்ப்பார். வேண்டுமென்றே செய்கிறார் என்பது அப்பாவின் சந்தேகம்.

மாமாவுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சமூக மன்ற மேடையில் ஒரு பாட்டின் நடுவே அவர் தனியாக வாசிக்கும் இடம் வரும், அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடம் மட்டும் கிட்டார் யாருக்கும் கேட்காது. கீபோர்டு வாசிக்கிறவர்தான் குழுவின் தலைவர். அவர் வேண்டுமென்றே தன் சத்தத்தைக் கூட்டுகிறார் என்று மாமா நினைத்தார். அந்த வருடம் தலைவர் நேராகவே சொல்லிவிட்டார். “கிட்டார் சவுண்டு கீபோர்டுலயே இருக்கு லா. இந்த வாட்டியும் கேக்கலன்னா அடுத்த வருஷம் அந்த எடத்த நானே வாசிச்சிக்கிறேன்.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமாவின் காது மடல் சிவந்திருந்தது. அதற்கு ஒரே வழி பூஸ்ட் பெடல்தான் என்றார். காலால் அமுக்கும் சிறிய பெட்டி அது. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தன் முறை வரும்போது ஒரு மிதி மிதித்தால் சத்தம் எழும்பும்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வரிசையாகப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றை மிதித்தால் கரகரத்தது, இன்னொன்று எதிரொலித்தது. மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். “சத்தம் மட்டும் கூடணும். கிட்டாரோட கொரல் மாறக் கூடாது. க்ளீனா இருக்கணும்.” அப்படிப்பட்டது ஒன்று இருந்தது, விலையைக் கேட்டதும் மாமா அதை மெதுவாகக் கீழே வைத்தார். மலிவானதை வாசித்துப் பார்த்துவிட்டு, “தடிச்சுப் போகுது, சேறு மாதிரி” என்றார். எனக்கு எந்தச் சேறும் கேட்கவில்லை. எதையுமே மாற்றாத பெட்டிக்குத்தான் அதிக விலை என்றால், உள்ளே ஒன்றுமே இல்லாமல் விற்கிறார்களோ என்று தோன்றியது.

பிறகு மாமா இணையத்தில் ஒரு பழைய பெடலைப் பிடித்தார். விற்கிறவர் பிடோக்கில் இருந்தார். நாங்கள் ரயிலில் போய், நிலையத்தைவிட்டு வெளியே வராமல் இடுப்பளவுக் கட்டணக் கதவுக்கு உள்ளேயே நின்றோம். வெளியே வந்தால் திரும்பி உள்ளே போகப் புதிதாகக் கட்டணம். விற்கிறவர் அந்தப் பக்கம் நின்றார். தாடி வைத்த, சிரித்த முகமுள்ள தமிழ் முஸ்லிம் இளைஞர். கதவுக்கு மேலாகப் பெட்டி இந்தப் பக்கமும் பணம் அந்தப் பக்கமும் போயின. நிலைய அதிகாரி கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க எப்படிப்பா வாசிச்சுப் பாக்கறது?” என்றார் மாமா.

“வீட்டுல பாருங்கண்ணே. புடிக்கலன்னா ரெண்டு நாள்ல கொண்டாங்க, காச வாங்கிக்குங்க. ஆனா கொண்டு வரமாட்டீங்க. அவ்ளோ க்ளீன் லா இது.”

இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவரை நம்பக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டில் மாமா என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னார். பெடலை மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே அளவு சத்தம் வரும்படி திருகினார். “மாப்ள, திரும்பாம கேளு. நான் அமுக்குறப்ப கொரல் மாறுதான்னு மட்டும் சொல்லு.”

வாசித்தார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அவர் மிதிக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்று பொத்தானின் சிறு ஓசை கேட்டது.

அது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வருடம். கேட்டல் கருத்தறிதலில் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதே என்று பள்ளியில் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். தெரியவில்லை என்று சொன்னால் மாமா என்னை மக்கு என்று நினைப்பார். அதோடு, இது என்னை மாட்டிவிடும் சோதனையோ என்றும் பயம்.

“இப்ப மாறிச்சு” என்றேன்.

“எப்படி?”

“தடிச்ச மாதிரி. சேறு மாதிரி.”

ஐந்து முறை செய்தார். ஐந்து முறையும் ‘டிக்’ கேட்டது, ஐந்து முறையும் சரியாகச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் கிட்டாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு தெளிவாகக் கேட்கும் ஓசை அவருக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்? நான் ஏமாற்றுவது தெரிந்தும் சும்மா இருக்கிறார், பிறகு பிடிப்பார் என்று இரண்டு நாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பிடிக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பிடோக்குக்குப் போனார். அதே கதவு. அந்த இளைஞர் இந்த முறை சிரிக்கவில்லை.

“அண்ணே, நான் அஞ்சு வருஷம் வாசிச்ச சாமான். இதுல கலப்படமே இல்லண்ணே.”

“என் மாப்ள அஞ்சுக்கு அஞ்சு சொல்லிட்டான்பா. அவன் காது பொய் சொல்லாது.”

அவர் கதவின்மேல் சாய்ந்து என்னைப் பார்த்தார். “உண்மையாவா தம்பி? மாறிச்சா?”

நான் தலையாட்டினேன். அவர் பணத்தை எண்ணாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தீபாவளி நிகழ்ச்சிக்கு நான்கு நாள்தான் இருந்தது. வேறு பெடல் தேட மாமாவுக்கு வேலை நேரம் விடவில்லை. அன்று மேடையில் அந்த இடம் வந்தது. மாமா ஓரடி முன்னால் வந்தார், விரல்கள் ஓடின. அரை நிமிடமும் கீபோர்டு மட்டுமே கேட்டது. “நல்லாத்தாண்டா இருந்துச்சு” என்று அம்மா பிறகு சொன்னபோது, மாமா அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த வருடம் குழுவில் அவர் இல்லை.

ஆறேழு வருடம் கழித்து, நான் தேசிய சேவைக்காகப் பட்டாளத்தில் இருந்தபோதுதான் மாமாவின் காதைச் சோதித்தார்கள். மெல்லிய, கூரான ஓசைகள் அவர் காதுக்கு எட்டி எத்தனையோ வருடமாகிவிட்டது. இரும்பு தேய்த்த காது என்றார் மருத்துவர். தன் காதை நம்ப முடியாமல்தான் என் காதைக் கேட்டிருக்கிறார். வித்தியாசமே தெரியவில்லை என்று நான் சொல்லியிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். அந்தப் பதிலுக்காகத்தான் என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்ல வேண்டும்.

அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கெடுதல் செய்தது பிடோக் அண்ணனுக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை மாமா குளிக்கப் போனார். அவருடைய கைப்பேசியை எடுத்து அந்த எண்ணைத் தேடினேன். ‘Pedal clean. Sorry.’ என்று தட்டி அனுப்பினேன். போய்விட்டது என்று காட்டியதும் அந்தச் செய்தியை அழித்தேன். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள், கைப்பேசியை இருந்த இடத்தில், இருந்த பக்கமாகவே கவிழ்த்து வைத்தேன்.