தம்பிக்கு நான் தெரிவு செய்த கையுறை

எங்கள் வீட்டில் எதையும் தெரிவு செய்கிறவன் நான்தான். அப்பா போன பிறகு மூத்தவன் என்பதால் அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. யாரும் விண்ணப்பம் கேட்கவில்லை, தகுதியும் பார்க்கவில்லை. தம்பியின் முதல் சைக்கிள், அவன் படித்த பாடம், பிறகு செய்த தொழில் எல்லாம் என் தெரிவு. அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். அந்த ஒன்று நன்றாக அமைந்தது என்று ஊர் சொல்லும். மற்றவற்றைப் பற்றி ஊர் ஒன்றும் சொல்வதில்லை.

தொழில் என்றால் சுழியோடுவது. ஊர்காவற்றுறையிலிருந்து போட்டில் போய் அனலைதீவுப் பக்கம் கடலட்டை பொறுக்க இறங்குவோம். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயம், கையில் ஒரு வலைப்பை. முள்ளு குத்தாமல் இருக்க, சப்பாத்துக்குப் போடும் பழைய மேசு ஒன்றை இடது கையில் மாட்டிக்கொள்வேன். கையுறை பற்றி எனக்கிருந்த முழு அறிவும் அந்த ஒற்றை மேசுதான்.

தம்பி நோர்வேக்குப் போய் மூன்று வருஷமாகியிருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே அங்கத்தைய சுழியோடிப் படிப்பையும் முடித்துவிட்டான். சமன் என்கிற சால்மன் மீன் வளர்க்கும் பண்ணை ஒன்றில் ஆள் எடுத்தார்கள். நாங்கள் தகர ரின்னில் மட்டும் கண்ட மீன் அது. கடலுக்குள் அதற்கு வலைக்கூடு கட்டி வளர்க்கிறார்களாம். திங்கட்கிழமை பரீட்சை. குளிர்த் தண்ணீருக்குள் இறங்கி, கூட்டு வலையில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் கொழுக்கிகளைக் கழற்றித் திரும்ப மாட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் நிரந்தர வேலை. நிரந்தர வேலை கிடைத்தால் மனைவியைக் கூப்பிடலாம். அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பகலில் நண்டுக் கொம்பனியில் வேலை, மாலையில் தொலைபேசியில் புருஷன் என்று மூன்று வருஷம் ஓட்டியிருந்தாள்.

தம்பி மூன்று கையுறைகளின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். கூடவே குரலும் வந்தது.

"அண்ணை, தண்ணி நாலு டிகிரிதான். முதலாவது மெல்லிசு, அஞ்சு விரலும் வடிவா வேலை செய்யும். ரெண்டாவது நல்ல தடிப்பு, ஆனால் மூண்டு விரலை ஒரே பைக்குள்ளை போடோணும். மூண்டாவதுக்கு உள்ளுக்குக் கம்பளி, வெளியிலை றப்பர், மணிக்கட்டிலை ஒரு வளையம், தண்ணி உள்ளை வராது. எதை வாங்கட்டும்?"

நாலு பாகைக் குளிர் எப்படியிருக்கும் என்று எனக்கு ஒரு சொட்டும் தெரியாது. மார்கழியில் கொஞ்சம் கூதல் அடித்தாலே காதை மூடி மப்ளர் சுற்றிக்கொண்டு திருவெம்பாவைக்குப் போகிற ஆட்கள் நாங்கள். ஆனால் தெரியாது என்று சொல்ல எங்கள் வீட்டு மூத்த ஆண்களுக்கு யாரும் பழக்கவில்லை. "விசாரிச்சுச் சொல்லுறன்" என்று பதில் போட்டேன்.

முதலில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரிடம் போனேன். படத்தைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "குளிருக்குத் தடிப்புத்தான் மருந்து. ரெண்டாவதை எடுக்கச் சொல்லும்" என்றார். குளிரை மீனுக்குப் போடும் ஐஸில் மட்டுமே கண்டிருந்த அவர் சொன்ன விதத்தில் ஒரு துளி சந்தேகமும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் பள்ளிக்கூடச் சுற்றுலாவோடு ஒருமுறை நுவரெலியா போய் வந்தவர். அதனால் எங்கள் பக்கத்தில் குளிர் சம்பந்தமான எல்லாக் கேள்வியும் அவரிடம்தான் போகும். கதிரையில் சாய்ந்தபடி, அங்கே பைப்பைத் திறந்தபோது கை விறைத்த கதையை அரை மணித்தியாலம் சொன்னார். முடிவில் அவரும் இரண்டாவது என்றார். விரல்கள் ஒரே பைக்குள் கூடியிருந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்குமாம். ஒற்றுமையே பலம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் பெரிய ஆராய்ச்சி மாதிரி என் மனைவிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். தம்பியின் மனைவி குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அத்தான், மூண்டாவதுதான் சரி. கொஞ்சம் லூசா எடுக்கச் சொல்லுங்கோ. இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் விறைச்சிடும். கையுறையைப் போட்டுக்கொண்டு கொழுக்கி மாட்டி முதலே பழகவும் வேணும்."

நாள் முழுக்க நொருக்கின ஐஸுக்குள் கையை விட்டு நண்டு பிரிக்கிறவள் அவள். கொம்பனிப் பெண்கள் உள்ளே பஞ்சுக் கையுறையும் அதற்கு மேலே ஒரு அளவு பெரிய றப்பர்க் கையுறையும் போடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். எத்தனை நாள் அவளைக் கொம்பனி வாசலில் இறக்கி விட்டிருக்கிறேன். இருந்தும் நான் சிரித்தேன்.

"பிள்ளை, இது நண்டு பிரிக்கிற விசயமில்லை. கடல் விசயம்."

"ஓம் அத்தான்" என்று போய்விட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பிக்குக் குரல் அனுப்பினேன். "ரெண்டாவதை எடு. யோசிக்காதை. அனுபவத்திலை சொல்லுறன்."

திங்கட்கிழமை பின்னேரம் தம்பி அழைப்பெடுத்தான். கை சுடச்சுடத்தான் இருந்ததாம். ஆனால் அந்தப் பைக்குள் கிடந்த விரல்களால் கொழுக்கியைப் பிடிக்கவே ஏலாமல் போய்விட்டது. ஒன்றைக் கழற்றினானாம். அதுவும் கீழே விழ, பரீட்சை தவறிப்போனது. "பிழை என்னிலைதான் அண்ணை, நான் பதட்டப்பட்டிட்டன்" என்றான். நானும் பெருந்தன்மையாக, "பரவாயில்லை, இனிக் கவனமா இரு" என்று மன்னித்துவிட்டேன்.

அடுத்த நாள் தம்பியின் மனைவி வேலை முடிந்து வரும்போது நண்டு அடைக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று நிறைய ஐஸ் கொண்டுவந்தாள். பேசினுக்குள் கொட்டித் தண்ணீர் விட்டாள். என் கையில் இரண்டு மேசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மூன்று விரலைச் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு றப்பர்க் கையுறையை இழுத்துவிட்டாள். பிறகு சட்டைக்குக் குத்தும் பின் ஒன்றைத் தண்ணீருக்குள் போட்டாள்.

"அத்தான், அதை எடுத்துப் பூட்டுங்கோ."

பூட்டுவது இருக்கட்டும், அது கையில் பட்டதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. மாவுருண்டைக்குள் கையை விட்டு ஊசி தேடுகிற மாதிரி துழாவினேன். என் மனைவி வாசலில் நின்று சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். தம்பியின் மனைவி தன் கொம்பனிக் கையுறைகளைப் போட்டுக்கொண்டு கையை விட்டாள். பின்னை எடுத்துப் பூட்டினாள், திறந்தாள், திரும்பவும் பூட்டினாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் அங்கேயே தம்பிக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். "டேய், இனிமேல் இதுகளை என்னைக் கேளாதை. உன்ரை மனுசியைக் கேள்" என்றேன். பெரிய மனசோடு அதிகாரத்தை ஒப்படைக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கத்தான் அவன் சொன்னான்.

"அண்ணை, நான் முதல் அவளைத்தான் கேட்டனான். அவள் மூண்டாவதைச் சொன்னவள். நானும் வாங்கிப் போட்டன். பிறகு உங்கடை சொல்லு வந்தாப்போலை, திருப்பிக் குடுத்திட்டு ரெண்டாவதை எடுத்தனான்."

"அப்ப என்னை ஏன்ரா கேட்டனி?"

"கேளாமல் விட்டால் நீங்கள் என்ன நினைப்பியள்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐஸ் தண்ணீருக்குள் இருந்த கையை வெளியே எடுக்கக்கூடத் தோன்றவில்லை. அவள் தொலைபேசிப் பக்கம் குனிந்து, "அடுத்ததா எப்ப ஆள் எடுப்பினமாம்?" என்று மட்டும் கேட்டாள்.

"வாற வருசம்" என்றான் தம்பி.

அவள் கையுறைகளைக் கழற்றி உதறினாள். "நோர்வேக்குப் போறன், மாசக் கடைசியோடை வேலையை விடுறன் எண்டு கொம்பனியிலை சொல்லிப்போட்டன். நாளைக்குப் போய், விடேல்லை எண்டு சொல்லோணும்" என்றாள். அதற்கு என்ன காரணம் சொல்வது என்று அவள் என்னைக் கேட்கவில்லை.